லாரி ஹெட்லைட் மங்குகிறதா, கண்ணடிக்கிறதா? பல்பை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்!

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றதும் "மதர்போர்டு போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கேபினட்டைக் கழற்றிப் பார்த்தால் பவர் கேபிள் சரியாக மாட்டாமல் இருக்கும். லாரி ஹெட்லைட்டிலும் இதே கதைதான். வெளிச்சம் குறைந்தால் புது பல்பு, மறுபடி குறைந்தால் வேறு கம்பெனி பல்பு, அதுவும் சரியில்லை என்றால் எல்.இ.டி. என்று மாற்றிக்கொண்டே போகிறோம். கோளாறு பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. பல்புக்குக் கரண்ட் வரும் வழியிலும், அது திரும்பிப் போகும் எர்த்திலும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் இதழில் லாரிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இரண்டு காரணங்கள் உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. 2021 பிப்ரவரியில் டோல்கேட்டுகளில் பாஸ்டேக் கட்டாயமானது. சேலம், கோவை வழியாகக் கொச்சி போகும் தேசிய நெடுஞ்சாலை 544 (பழைய 47) எங்கள் அவிநாசி வழியாகத்தான் போகிறது. இந்தப் பக்கம் லாரி வைத்திருக்கும் பல வீடுகளில் இந்த வேலைகளுக்காகவே கம்ப்யூட்டர் வந்தது. இது முதல் காரணம். இரண்டாவது, இன்றைய லாரிக்குள்ளேயே பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அது தெரியாமல் லைட்டை மாற்றுவதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். பட்டறையில் வேலை பழகியவன் அல்ல. ஆனால் புரோகிராமில் பிழை தேடும் முறையும் ஒயரிங்கில் கோளாறு தேடும் முறையும் ஒன்றுதான். அந்த முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகியவற்றைப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் தருகிறது. லாரியில் அந்தச் சொகுசு இல்லை. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது சுமார் 25 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் (நம் ஊரில் இன்னும் டைனமோதான்!) சார்ஜ் செய்யும்போது 27 முதல் 28.5 வோல்ட் வரை ஏறும்.

ஹெட்லைட்டில் பரவலாக இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு. 24 வோல்ட் வண்டிக்கு உரியது 75/70 வாட். பிரைட்டுக்கு 75, டிம்முக்கு 70 என்று பொருள். வெளிச்சம் பத்தவில்லை என்று கடையில் கேட்டால் 100/90 வாட் பல்பு கொடுக்கிறார்கள். பிடியும் பின்னும் ஒன்றே என்பதால் அப்படியே உட்கார்ந்துவிடும். ஒயர் என்ன ஆகும்?

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 75 வாட் பல்பு சுமார் 3.1 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 4.2 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் ஒயரில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். எனவே அதே ஒயர், அதே ஸ்விட்ச், அதே கனெக்டர் ஏறத்தாழ 1.8 மடங்கு சூடாகும். பழைய வண்டிகளில் ஹெட்லைட் ஸ்விட்ச் உருகுவதும், ஹோல்டர் கருகுவதும் இதனால்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். இரண்டு 100 வாட் பல்புகளின் கரண்டும் போகும் ஒரு கனெக்டர் துருப்பிடித்து 0.3 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 8.3 ஆம்பியர் போகும்போது அந்த ஒரே இடத்தில் 2.5 வோல்ட் வீணாகிறது. அங்கே உண்டாகும் சூடு சுமார் 20 வாட். நாம் போர்டில் ஈயம் வைக்கப் பயன்படுத்தும் சோல்டரிங் அயன் 25 வாட்! கிட்டத்தட்ட அந்தச் சூடு, டேஷ்போர்டுக்கு உள்ளே பிளாஸ்டிக்கை ஒட்டி, ராத்திரி முழுவதும். கேபின் எப்படித் தீப்பிடிக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

கன்டினியூட்டி பார்ப்பது ஏன் போதாது?

என் பெரியப்பாவின் பத்து சக்கர லாரியில் இடது பக்க ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிந்தது. "மூணு செட்டு பல்பு மாத்தியாச்சு கண்ணு. எதைப் போட்டாலும் அது மட்டும் சீக்காளியாட்டத்தான் எரியுது" என்றார். கூட இருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துக் காட்டினார். "பீப் அடிக்குது பாருங்க தம்பி. எர்த்து, லைன் எல்லாமே நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மீட்டர் பீப் அடித்தது உண்மை. ஆனால் கன்டினியூட்டி சோதனையில் மீட்டர் ஒயருக்குள் விடுவது மிகச் சிறிய கரண்ட், சில மில்லி ஆம்பியர் அளவுதான். முப்பது இழை உள்ள ஒயரில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். நான்கு ஆம்பியர் போகும்போதுதான் அந்த ஒற்றை இழையின் குட்டு வெளிப்படும். லோடு இல்லாமல் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே கழற்றிச் சோதித்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். கம்ப்யூட்டரில் மாட்டி கேம் விளையாடினால் ரீஸ்டார்ட் ஆகும். அதுவும் இதுவும் ஒன்றுதான்.

எனவே முதல் விதி: லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். இதற்கு வோல்டேஜ் டிராப் டெஸ்ட் என்று பெயர்.

வோல்டேஜ் டிராப் டெஸ்ட்: ஐந்து படிகள்

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மோதிரம், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். ஓடும் பேனுக்கு அருகே கையோ ஒயரோ போகக் கூடாது. மீட்டர் டி.சி. வோல்ட் பகுதியில் இருக்கட்டும். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் செருகியிருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். அந்த நிலையில் பேட்டரியைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

பேட்டரி ஓரிடத்திலும் லைட் வேறிடத்திலும் இருப்பதால் மீட்டர் ஒயர் எட்டாது. இன்சுலேஷன் உள்ள நீளமான ஒயர் ஒன்றை முதலைக் கிளிப் வைத்து நீட்டிக்கொள்ளலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, லைட்டைப் போட்டு, பத்து நிமிடம் எரியவிட்ட பிறகு அளக்கத் தொடங்குங்கள். சில கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும்.

1. இரண்டு பேட்டரிகளின் மொத்த வோல்டேஜை அளக்கவும். கிளாம்பில் வைக்காமல், பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே மீட்டர் முனையை வைக்க வேண்டும்.

2. பல்பு ஹோல்டரின் பின்பக்கம், பல்பு மாட்டியபடியே, லைன் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அளக்கவும். எச்4 பல்பில் மூன்று பின்கள் உண்டு. டிம் ஒன்று, பிரைட் ஒன்று, இரண்டுக்கும் பொது ஒன்று.

3. பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில் சிவப்பும், ஹோல்டரின் லைன் பின்னில் கறுப்பும் வைக்கவும். லைன் பக்கம் எவ்வளவு வீணாகிறது என்பதை இது காட்டும்.

4. ஹோல்டரின் எர்த் பின்னில் சிவப்பும், பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் கறுப்பும் வைக்கவும். எர்த் பக்கம் வீணாவது இது.

5. மூன்றாவது, நான்காவது அளவுகளைக் கூட்டுங்கள். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதோடு இது டாலி ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அளந்ததில் ஏதோ தவறு. மறுபடி அளக்கவும்.

ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் தேட வேண்டும். தேடும்போது பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். நடுவில் உள்ள பியூஸ் அல்லது கனெக்டரில் அளந்தால், கோளாறு அதற்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். மீதியை மறுபடி பாதியாக்குங்கள். நான்கைந்து முறைக்குள் இடம் அகப்படும். சில வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். அந்த வண்டிகளில் எச்4 பல்பின் பொது பின் லைனாகவும், டிம், பிரைட் பின்கள் எர்த் பக்கமாகவும் இருக்கும். வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்து இதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெரியப்பா வண்டியில் கிடைத்த அளவுகள் இவை. பேட்டரி 27.6 வோல்ட். வலது லைட்டில் 26.8. இடது லைட்டில் 23.4. இடது பக்கம் வீணான 4.2 வோல்ட்டில் லைன் பக்கம் 0.6 மட்டுமே. எர்த் பக்கம் 3.6!

காரணம் என்ன? எஃப்.சி.க்குப் போகும் முன் கேபினுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எர்த் ஒயரின் லக்கைக் கழற்றிவிட்டுப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள். லக்குக்கும் இரும்புக்கும் நடுவே பெயின்ட். போல்ட்டின் மரையைத் தொட்ட துளி இடத்தில்தான் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, புது லக் அடித்து, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கினோம். கேபினிலிருந்து சேஸிஸுக்குத் தனியே ஓர் எர்த் ஒயரும் இழுத்தோம். இடது லைட்டில் 26.7 வோல்ட் வந்தது. கடையில் வாங்கியது ஒரு லக்கும் இரண்டு மீட்டர் ஒயரும்தான்.

3.4 வோல்ட் குறைந்தால் இவ்வளவு மங்குமா என்று தோன்றும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜை விட வேகமாகக் குறையும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். இந்தக் கணக்கில் இடது லைட், வலதில் மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம்கூடத் தரவில்லை. ராத்திரியில் லைட் இல்லாத சைக்கிளோ, பழுதாகி ஓரம் நிற்கும் வண்டியோ பெரும்பாலும் அந்த இடது பக்கம்தான் இருக்கும்.

கேபின், சேஸிஸ் மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே கரண்ட் போகாது. எர்த் பட்டை ஒன்றுதான் இரண்டையும் இணைக்கிறது. சேஸிஸாக வாங்கி நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் பாடி கட்டிய வண்டிகளில் இந்தப் பட்டையை முதலில் பாருங்கள். பிரைட் போட்டால் பார்க்கிங் லைட்டும் லேசாக எரிகிறது, டிம் இழையும் பிரைட் இழையும் சேர்ந்து மங்கலாக எரிகின்றன என்றால் அது எர்த் போனதற்கு அடையாளம். திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட், அடுத்த பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

ரிலே: குறைந்த செலவில் பெரிய பயன்

லைன் பக்கம் அதிகம் வீணாகிறது என்றால் ரிலே வைப்பதே நல்ல வழி. பேட்டரி கரண்ட், டேஷ்போர்டு ஸ்விட்ச் வரை வந்து திரும்பி லைட்டுக்குப் போவதால்தான் இழப்பு. ரிலே வைத்தால் ஸ்விட்ச் வழியே ரிலே காயிலுக்கான சிறு கரண்ட் மட்டும் போகும். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து நேரே லைட்டுக்கு.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 பேட்டரிக்கு, 87 லைட்டுக்கு, 85, 86 இரண்டும் காயிலுக்கு. கவனிக்க வேண்டியவை: ரிலே 24 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 12 வோல்ட் ரிலே சில நாளிலேயே கருகும். பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் போட வேண்டும். 2.5 சதுர மில்லி மீட்டர் காப்பர் ஒயர் போதும். பியூஸ் போனால் பெரிய பியூஸ் போடுவதும், கம்பியைச் சுற்றி வைப்பதும் வேண்டவே வேண்டாம். பியூஸ் போகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது.

எல்.இ.டி. மாற்றியபின் வரும் தொல்லைகள்

*கண்ணடிக்கிறது, டேஷ்போர்டில் வார்னிங் வருகிறது.* புதிய லாரிகளில் லைட்டுகளைக் கட்டுப்படுத்த ஒரு சிறு கம்ப்யூட்டர் உண்டு. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 வந்த பிறகு வண்டிகளில் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் இன்னும் கூடிவிட்டன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-ல் அறிமுகம் செய்த கேன் என்ற நெட்வொர்க் வழியாக இவை பேசிக்கொள்கின்றன. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களை லேன் கேபிள் இணைப்பது போலத்தான்.

பல்பு நல்லதா என்று பார்க்க இந்தக் கம்ப்யூட்டர் அவ்வப்போது மிகக் குறுகிய கரண்ட் துடிப்புகளை அனுப்பும் வண்டிகள் உண்டு. ஹாலஜன் இழை சூடேற நேரம் எடுக்கும் என்பதால் அதில் ஒன்றும் தெரியாது. எல்.இ.டி. உடனே எரியும், உடனே அணையும். அதுதான் கண்ணடிப்பு. மேலும் எல்.இ.டி. இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால், "பல்பு போய்விட்டது" என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து வார்னிங் கொடுக்கும். சில வண்டிகளில் சப்ளையையே நிறுத்திவிடும். அந்த வண்டிக்கு ஏற்ற கேன் டிகோடரோடு வரும் எல்.இ.டி. வாங்குவதே இதற்கு வழி. லோடு ரெசிஸ்டர் வைப்பதானால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும் என்பதை மறக்க வேண்டாம். ஒயர் கட்டின் மேல் வைக்காமல் இரும்புப் பரப்பில் முடுக்க வேண்டும். ஒன்றோடொன்று முறுக்கிச் செல்லும் கேன் ஒயர்களிலிருந்து எக்காரணம் கொண்டும் லைட்டுக்கு லைன் எடுக்கக் கூடாது. இன்ஜினே நின்றுபோகலாம்.

*எப்.எம்.மில் இரைச்சல் வருகிறது.* எல்.இ.டி.யின் டிரைவர் சர்க்யூட், எஸ்.எம்.பி.எஸ். போலவே வேகமாக ஆன்-ஆஃப் ஆகி வேலை செய்கிறது. மட்டமானதில் வடிகட்டும் பாகங்கள் இருக்காது. மானிட்டர் கேபிளின் நுனியில் ஒரு தடித்த உருளை பார்த்திருப்பீர்கள். அது ஃபெரைட். இந்த இரைச்சலைத் தடுக்கத்தான் அது. அதுபோன்ற கிளிப் ஃபெரைட்டை எல்.இ.டி. ஒயரில் மாட்டினால் பல நேரம் இரைச்சல் குறையும்.

*பத்துப் பதினைந்து நிமிடத்தில் மங்குகிறது.* மங்கும்போதே ஹோல்டரில் வோல்டேஜை அளங்கள். வோல்டேஜும் குறைந்தால் ஒயரிங் கோளாறு. வோல்டேஜ் அப்படியே இருந்து வெளிச்சம் மட்டும் குறைந்தால் லைட்டின் கோளாறு. சூடு தாங்காமல் எல்.இ.டி. தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது. பின்னால் உள்ள குட்டி பேன் பஞ்சும் தூசியும் அடைத்து நின்றிருக்கலாம். பிராசசர் பேன் நின்றால் கம்ப்யூட்டர் மந்தமாவது போலத்தான்.

*12 வோல்ட் லைட்டை 24 வோல்ட் வண்டியில் மாட்டுவது.* இரண்டு பேட்டரிகளுக்கு நடுவிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் இருக்கிறது. இதனால் ஒரு பேட்டரி மட்டும் தீர்ந்துகொண்டே போகும், மற்றது அதிகச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். இரண்டும் சீக்கிரம் போய்விடும். 24 வோல்ட்டை 12 ஆக மாற்றும் கன்வெர்ட்டர் வைக்கவும், அல்லது 9 முதல் 32 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்ட லைட்டை வாங்கவும்.

எதிரே வருபவருக்கும் கண் உண்டு

ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில், இழை இருக்கும் இடம் மில்லி மீட்டர் சுத்தமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. சில்லுகள் அதே இடத்தில் அமையாவிட்டால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும். ஓட்டுபவருக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் தூரம் தெரியாது. மில் ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வீடு திரும்புபவருக்கு எதுவுமே தெரியாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, முன் விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது.

சோதிப்பது எளிது. சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு, ஹெட்லைட் நடுவின் உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எத்தனை சதவீதம் கீழே என்று பல வண்டிகளில் லைட் அருகிலேயே குறித்திருக்கும். 1 சதவீதம் என்றால் 10 மீட்டரில் 10 சென்டி மீட்டர். மேல் விளிம்பே தெளிவாகத் தெரியாமல் வெளிச்சம் சிதறினால், அந்த எல்.இ.டி. அந்த ரிஃப்ளெக்டருக்குப் பொருந்தவில்லை. கழற்றிவிடுவதே நல்லது.

உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு ஷீட் திறந்துகொள்ளுங்கள். தேதி, பேட்டரி வோல்டேஜ், இடது லைட், வலது லைட், லைன் இழப்பு, எர்த் இழப்பு, செய்த வேலை என்று ஏழு தலைப்புகள் போதும். வண்டி எண்ணையே ஃபைலுக்குப் பெயராக வையுங்கள். லைட் நன்றாக எரியும்போதே ஒருமுறை அளந்து எழுதிவிடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், எஃப்.சி. பெயின்ட் வேலை முடிந்ததும், மழைக்காலம் முடிந்ததும் அளங்கள். எர்த் இழப்பு 0.2 என்றிருந்தது 0.5, 0.9 என்று ஏறிக்கொண்டே வந்தால், லைட் மங்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். பியூஸ் பாக்ஸையும் ரிலே இருக்கும் இடத்தையும் செல்போனில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ராத்திரி நேரத்தில் எங்கோ வண்டி நின்றால், டிரைவருக்கு இங்கிருந்தே அனுப்பி வழி சொல்லலாம்.

வீட்டில் லாரி இல்லாதவர்களுக்கும் இந்த முறை உதவும். கம்ப்யூட்டர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனால் ரேம், மதர்போர்டு என்று பாகம் பாகமாக வாங்கி மாற்றாதீர்கள். சுவர் பிளக், பவர் கேபிள், வீட்டு எர்த், யு.பி.எஸ். பேட்டரி என்று கரண்ட் வரும் வழியிலேயே நடந்து வாருங்கள். கவரைக் கழற்றி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மட்டும் கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். மற்ற இடங்களை நீங்களே பார்க்கலாம். பாகத்தைக் குறை சொல்லும் முன் அதற்கு வரும் கரண்டை அளந்துவிடுங்கள்.